ஐயாயிரம் யூரோவும் நாலு பேரும்

என் வீட்டுக்காரருக்குப் பெர்லினில் இருந்து வந்த வேலைக் கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் 60,000 யூரோ என்று இருந்தது. கோயம்புத்தூரில் கேட்டவர்கள் எல்லாரும் அதை நூறால் பெருக்கி 60 லட்சம் என்றார்கள். 2025இன் பிற்பாதியில் யூரோ 100 ரூபாயை ஒட்டியே இருந்தது, பெருக்கலில் தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் பெர்லினில் வந்து பெர்லினிலேயே செலவாகிறது. அதனால் இந்தக் கணக்கை யூரோவிலேயே எழுதுகிறேன். ஊரில் பத்து வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். புது ஊரைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி வரவு செலவு எழுதுவதுதான்.

மாதச் சம்பளம் 5,000. 2025இன் விகிதங்களின்படி, அது வங்கிக்கு வருவதற்கு முன்பே ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், அதாவது 465 யூரோ போய்விடும். வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், 65 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்கு அடிப்படை விகிதத்தில் பாதியான 7.3 சதவீதமும், கூடுதல் விகிதத்தில் பாதியும் சேரும். கூடுதல் விகிதத்தின் சராசரி 2.5 என்று கொண்டால் மொத்தம் 8.55 சதவீதம், 427.50 யூரோ. முதுமைப் பராமரிப்புக் காப்பீடு, இரண்டு பிள்ளைகள் உள்ளவருக்கு 1.55 சதவீதம், 77.50 யூரோ. ஆக 1,035. வருமான வரி ஏறத்தாழ 428. கைக்கு வருவது 3,537.

இந்த 428 நானும் இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்த பிறகு வந்த எண். அதற்கு முன்பு அவர் தனியாக இருந்த மாதங்களில் முதலாம் வரிப்பிரிவில் இருந்தார். அப்போது வரி 810 யூரோவுக்கு மேல். மனைவியும் அதே முகவரியில் பதிவாகி, வரிப்பிரிவு மூன்றாம் எண்ணுக்கு மாறியதும் மாதம் 380 யூரோ குறைந்தது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வரி எண், வங்கிக் கணக்கு, குழந்தைப்படி, மழலையர் பள்ளிச் சீட்டு என்று எல்லாமே அந்த ஒற்றைப் பதிவுத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. குழந்தைப்படி 2025இல் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ, இருவருக்கும் 510. கைக்கு வரும் சம்பளத்தோடு இதையும் கூட்டினால் எங்கள் மாத வரவு 4,047.

பிடித்தத்தைப் பார்த்து வயிறெரிகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவத்துக்குப் போகும் 427.50க்கு இணையாக இன்னொரு 427.50ஐ முதலாளி கட்டுகிறார். அந்தத் தொகையில் வேலைக்குப் போகாத மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணம் இல்லாமல் காப்பீடு உண்டு. சின்னவனுக்குக் காதில் சீழ் வைத்து இரவெல்லாம் அழுதபோது, காலையில் குழந்தை மருத்துவரிடம் அட்டையை நீட்டினேன். அவர் காதைப் பார்த்தார், சீட்டு எழுதினார், மருந்துக்கடையில் மருந்து தந்தார்கள். எங்கும் பணம் கேட்கவில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துச் சீட்டில் பங்குக்கட்டணமே கிடையாது. பெரியவர்களுக்கு மருந்து விலையில் பத்து சதவீதம். குறைந்தது 5 யூரோ, அதிகம் போனால் 10. மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாளுக்கு மட்டும். ஊரில் ஒரு காய்ச்சலுக்குக் கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று யோசித்துப் பழகிய எனக்கு, இந்த ஒரு வசதிக்காகவே 1,035ஐ முழு மனதோடு ஒப்புக்கொள்ள முடிகிறது.

மாதச் செலவைவிட ஆளை அசைத்துப் பார்ப்பது முதல் சில மாதங்களின் மொத்தச் செலவு. எங்களுக்கு ஆனது இது. விசாக் கட்டணம் பெரியவருக்கு 75, பிள்ளைக்கு 37.50, நால்வருக்கும் 225. வசிப்பு அட்டைகளுக்கு 300. விமானச் சீட்டு 2,400. நிலையான வீடு கிடைக்கும்வரை சாமான்களோடு வாடகைக்கு விடும் வீட்டில் இரண்டு மாதம், 4,000. வீட்டு முன்பணம் 3,375. சமையலறை 2,500. கட்டில், மேசை, துணி துவைக்கும் இயந்திரம் 1,800. குளிர் உடை 700. கூட்டினால் 15,300 யூரோ. எங்கள் நாலு மாத வரவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வேலை தரும் நிறுவனம் இடம்பெயர்வுக்கு ஏதாவது கொடுத்தால் தப்பிக்கலாம். கொடுக்காவிட்டால் ஊரில் நகை அடகுக்குப் போகும், அல்லது வேலை கிடைத்தவர் முதலில் வந்து ஆறேழு மாதம் தனியாகச் சேர்க்க வேண்டும். கிளம்புகிறவர்கள் சம்பளத்தைப் பேசும்போதே இந்தத் தொகையையும் பேசிவிடுவது நல்லது என்று அழுத்திச் சொல்வேன்.

முன்பணத்தில் ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சூடேற்றல் போன்றவை சேராத வெற்று வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் வீட்டு உரிமையாளர் முன்பணம் கேட்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. எங்கள் வீடு 75 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 15 யூரோ, வெற்று வாடகை 1,125. மூன்று தவணையாகத்தான் கட்டினோம்.

சமையலறைக்கு 2,500 ஏன் என்று மாமியார் கேட்டார். ஜெர்மனியில் பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் அறைதான். நாங்கள் சாவி வாங்கித் திறந்தபோது அங்கே வெள்ளைச் சுவர், சுவரில் மூடி போட்ட இரண்டு தண்ணீர்க் குழாய், கீழே தரையோரம் அடுப்புக்கான தடித்த மின்கம்பி. தொட்டி இல்லை, அலமாரி இல்லை, அடுப்பு இல்லை. முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். பழைய சாமான் விற்கும் இணையப் பக்கத்தில் இன்னொரு குடும்பத்தின் சமையலறையை வாங்கி, வண்டி பிடித்து ஏற்றி வந்து, அலமாரியின் ஓரத்தை ஆறு சென்டிமீட்டர் அறுத்துப் பொருத்தினோம். அடுப்பை இணைக்க மட்டும் மின்பணியாளர் வந்தார். அரை மணி நேர வேலைக்கு 95 யூரோ. இந்த ஊரில் எதற்கு விலை என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த ரசீதுதான்.

இப்போது 2025இன் மாதக் கணக்கு.

வாடகை, வெந்நீர், சூடேற்றல், குப்பை எல்லாம் சேர்த்து: 1,400
மின்சாரம், 250 யூனிட், யூனிட் சுமார் 40 சென்ட்: 100
ஒலிபரப்புக் கட்டணம்: 18
இணையம், இரண்டு கைபேசி: 60
பயணச்சீட்டு, இரண்டு பேர்: 116
மழலையர் பள்ளிச் சாப்பாடு: 23
மகளின் நீச்சல் வகுப்பு: 40
பொறுப்புக் காப்பீடு, வீட்டுப்பொருள் காப்பீடு: 15
மளிகை, காய், பால்: 650
துணி, சோப்பு, இதர சாமான்: 200
என் ஜெர்மன் வகுப்பு: 229
வெளிச் சாப்பாடு, ஊர் சுற்றல்: 120
ஊருக்கு அனுப்புவது: 300

மொத்தம் 3,271. மிச்சம் 776. ஆண்டுக்கு ஒருமுறை நாலு பேரும் ஊருக்குப் போய்வர 3,000 என்று மாதம் 250ஐ ஒதுக்கினால், உண்மையான மிச்சம் 526. அறுபது லட்சம் என்று பெருக்கியவர்களுக்கு நான் காட்டும் எண் இதுதான்.

ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08. வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டியே ஆக வேண்டும். கடிதம் வந்தால் ஏமாற்று வேலை என்று கிழித்துப் போடாதீர்கள். 2025இல் 58 யூரோவாக இருந்த பயணச்சீட்டில் நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாம் ஏறலாம். ஆறு வயதுக்கு உட்பட்ட சின்னவனுக்குச் சீட்டு வேண்டாம். பள்ளி செல்லும் மகளுக்கு 2019 ஆகஸ்டு முதல் பெர்லின் நகரமே இலவச அட்டை தருகிறது. சொந்த வண்டி வாங்கும் எண்ணத்தை அதோடு விட்டோம். வெற்று வாடகைக்கு மேல் சூடேற்றல் முதலியவற்றுக்குக் கட்டும் 275 யூரோ உத்தேசத் தொகைதான். ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வீட்டு உரிமையாளர் உண்மைக் கணக்கை அனுப்புவார். குளிர் கடுமையாக இருந்தால் மீதியைக் கட்டச் சொல்வார். மிச்சத்தில் ஒரு பங்கு அதற்கென்று தனியே இருக்க வேண்டும்.

சாப்பாட்டில்தான் மாமியாருக்கு அக்கறை. "ஏங்கண்ணு, தக்காளி கிலோ என்ன வெல?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். குளிர்காலத்தில் மூணு யூரோ என்றேன். "முந்நூறா! தக்காளிய நிறுத்திப்போட்டுப் புளிய ஊத்திக்க கண்ணு." தக்காளியை ரூபாயில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு லிட்டர் பால் ஒரு யூரோவை ஒட்டி. மாவு, வெண்ணெய், உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் வரவோடு ஒப்பிட்டால் மலிவு. உணவுப் பொருளுக்கு வரி 7 சதவீதம்தான், மற்ற பலவற்றுக்கு 19. 650இல் 160 யூரோ தமிழ்க் கடைக்குப் போகிறது. அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்லெண்ணெய்.

அந்தக் கடை இருப்பது நம்மால் அல்ல. 1980களில் இலங்கைத் தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அவர்களுக்கு அடைத்துவிட்டது. அதற்குள் வந்தவர்களும், பிறகு வேறு வழிகளில் வந்தவர்களும் போட்ட அடித்தளத்தின் மேல்தான் எங்களைப் போல வேலை விசாவில் வருகிறவர்கள் சௌகரியமாக நிற்கிறோம். பிரிட்ஸ் பகுதியில் 2013இல் குடமுழுக்குக் கண்ட முருகன் கோயிலும் அவர்கள் கட்டியதுதான். கடை அக்காவிடம் முதல்முறை முருங்கைக்காய் கேட்டபோது, "வியாழக்கிழமைதான் வரும் பிள்ளை. ரெண்டு கட்டு எடுத்து வைக்கவோ?" என்றார். அதன்பிறகு எனக்கு வியாழக்கிழமை கட்டு தப்பியதில்லை. அவர் வேலை விசாவும் பயணச்சீட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் அல்லர் என்பதை நினைக்கும்போது, என் 15,300 பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும்.

இனி இட்லிக் கணக்கு. இட்லி அரிசி 5 கிலோ 13 யூரோ, கிலோ 2.60. உளுந்து கிலோ 4 யூரோ. ஒரு கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் 3.60 யூரோவில் 55 இட்லி. ஒன்றுக்கு ஆறரை சென்ட். இதே நகரத்தின் தென்னிந்திய உணவகத்தில் மூன்று இட்லி ஒரு தட்டு 8 யூரோ. வீட்டில் அதே மூன்று இட்லிக்கு 20 சென்ட். நாற்பது மடங்கு வித்தியாசம். 2025இல் உணவகத்துக்கு இருந்த 19 சதவீத வரி அதில் ஒரு துளிதான். மீதி கடை வாடகையும் ஆள்கூலியும். ஜெர்மனியில் 2025இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. மாவு இங்கே மலிவு. மாவை அரைத்து, இரவு அடுப்பின் உள்விளக்கைப் போட்டு அதன் சூட்டில் பொங்க வைத்து, காலையில் ஊற்றி எடுக்கும் ஆள்தான் விலை.

மின்பணியாளரின் 95 யூரோவும் இட்லித் தட்டின் 8 யூரோவும் சொல்வது ஒன்றையே. இந்த ஊரில் மனிதரின் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது. அது நியாயம். நான் அதை வரவேற்கிறேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துப்போன அக்காவுக்கு நாங்கள் கொடுத்ததை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் இந்த மதிப்பு வீட்டுக்குள் வருவதில்லை. ஆள் வைக்க முடியாத வீட்டில் அந்த வேலை எல்லாம் யார் தலையில் விழுகிறது என்று நம் வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

அதையும் எழுதினேன். வாரத்துக்குச் சமையலும் பாத்திரமும் 14 மணி. பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது 6. துணி, வீடு சுத்தம் 5. கடை கண்ணி 3. கடிதங்கள், படிவங்கள், அலுவலக நேரம் பிடிப்பது 2. மொத்தம் 30 மணி. குறைந்தபட்சக் கூலியில் வாரம் 384.60 யூரோ. மாதத்துக்கு 4.33 வாரம் என்று பெருக்கினால் 1,665. எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய செலவு வாடகை என்று நினைத்திருந்தோம். அது 1,400தான். பெரியது எந்த ரசீதிலும் வராத இந்த 1,665. வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழ எவ்வளவு ஆகும் என்று எழுதும் எந்தக் கணக்கிலும் இந்தத் தொகையை நான் பார்த்ததில்லை. இது இல்லாத கணக்கு முழுக்கணக்கு அல்ல.

இந்த வீட்டுவேலைச் சுமையைக் குறைக்க அரசு செய்வதும் ரசீதில் தெரியாது. பெர்லினில் 2018 ஆகஸ்டு முதல் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். 2019 ஆகஸ்டு முதல் தொடக்கப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை மதியச் சாப்பாடு இலவசம். மகள் இரண்டாம் வகுப்பு. மாலைநேரக் காப்பகத்துக்கும் நாங்கள் எதுவும் கட்டுவதில்லை. காமராசரின் மதிய உணவை அறிந்த ஊர்க்காரிக்கு இது புதிய எண்ணம் அல்ல. இத்தனை பணக்கார நகரமும் பள்ளிப்பிள்ளையின் தட்டுக்குப் பொறுப்பேற்கிறது என்பதில் எனக்கு நிறைவு. ஒரு வயது முடிந்த எந்தக் குழந்தைக்கும் காப்பக இடம் சட்ட உரிமை என்று 2013இலிருந்து ஜெர்மனி சொல்கிறது. உரிமை கையில் இருந்தாலும் இடம் நாமே தேட வேண்டும். அலுவலகம் தந்த சீட்டை வைத்துக்கொண்டு நான் தெருத் தெருவாக மணியடித்தேன். ஒரு காப்பகத்தில் கதவைத் திறக்காமலே "இடமில்லை" என்றார்கள். கடைசியில் கிடைத்தது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனதால் காலியான இடம். அந்த மாதம்தான் எனக்குக் காலை நேரம் திரும்பி வந்தது.

காலை நேரம் முழுக்க மொழி வகுப்புக்குப் போனது. அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு என்பது மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டம், வரலாறு, சமூகம் பற்றி 100 பாடவேளை. ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஒரு பாடவேளைக்கு நாம் கட்டுவது 2.29 யூரோ. நூறுக்கு 229, எல்லாம் சேர்த்து 1,603. வாரம் 25 வீதம் போனால் ஏழு மாதத்தில் முடியும். நீல அட்டை என்ற வேலை அனுமதியில் இருப்பவரின் மனைவிக்கு மொழித் தேர்வு இல்லாமலே விசா கிடைக்கும். வந்த நாள் முதல் வேலை செய்யவும் உரிமை உண்டு. அதை நம்பி வகுப்பைத் தள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். தள்ளிப் போடாதீர்கள். வீட்டுக்காரருக்கே கூட இதில் கணக்கு இருக்கிறது: நிரந்தர வசிப்பு அனுமதிக்கு அடிப்படை மொழியோடு 27 மாதம், மொழியில் பி1 நிலையை எட்டிவிட்டால் 21 மாதம்.

வகுப்பு முடிந்து எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. வாரம் 25 மணி, கணக்குப் பிரிவு, மாதம் 2,200 யூரோ. கையெழுத்துப் போடும்போதே வரிப்பிரிவு பற்றிப் பேச்சு வந்தது. அவர் மூன்றாம் பிரிவில் இருந்தால் நான் ஐந்தில் விழுவேன். என் காப்பீட்டுப் பிடித்தம் 455. ஐந்தாம் பிரிவில் வரி சுமார் 382; கைக்கு 1,363. இருவரும் நான்காம் பிரிவில் இருந்தால் என் வரி 139, கைக்கு 1,606. மாதம் 243 யூரோ வித்தியாசம், என் பெயருக்கு எதிரில்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தா மூணு–அஞ்சுதான் லாபம்" என்று நண்பர்கள் சொன்னார்கள். மாதாமாதம் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மூன்று–ஐந்தில் இருவருக்குமான வரி 810, நான்கு–நான்கில் 950. ஆனால் ஆண்டு வரி என்பது இருவர் வருமானத்தையும் சேர்த்துப் போடுவது. பிரிவு எதுவானாலும் மாறாது. எங்களுக்கு அது மாதத்துக்கு 896 அளவில் வருகிறது. மூன்று–ஐந்தை எடுத்தால் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,000 யூரோ கட்ட வேண்டும். நான்கு–நான்கை எடுத்தால் 650 அளவில் திரும்ப வரும். அதற்கும் மேல், வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகையும் குழந்தை பிறந்தால் கிடைக்கும் பெற்றோர் படியும் கைக்கு வரும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. ஐந்தாம் பிரிவில் இருக்கும் மனைவிக்கு அங்கேயும் குறையும். மாதம் 556 யூரோ என்ற 2025இன் வரம்புக்குள் சின்ன வேலை பார்த்து, வீட்டுக்காரர் காப்பீட்டிலேயே தங்கிவிடும் வழியும் உண்டு. பிடித்தம் மிகக் குறைவு என்பது அதன் கவர்ச்சி. ஓய்வூதியத்தில் பெரிதாக எதுவும் சேராது என்பது அதன் விலை. நாங்கள் நான்கு–நான்கை எடுத்தோம்.

2026 ஜனவரியில் சில எண்கள் மாறின. குழந்தைப்படி 259, பயணச்சீட்டு 63, குறைந்தபட்சக் கூலி 13.90. அந்தக் கூலியில் போட்டால் வீட்டு வேலையின் 30 மணி மாதத்துக்கு 1,806 யூரோ. நான் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அதையும் உட்கார்ந்து பிரித்தோம். காலையில் பிள்ளைகளை விடுவது, குப்பை, கடை, கடிதங்கள் அவருக்கு. இப்போதைக்கு அவர் பங்கு 12 மணி, என் பங்கு 18. சனி ஞாயிறு சமையல் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டால் பதினைந்து–பதினைந்து ஆகும். மாவு அரைக்கவும் ஊற்றவும் பழகிவிட்டார். குழம்பு இந்த மாதம்.